பர்மியர் வாளும் நம் பிள்ளைகள் கையும்

பர்மா என்ற பெயரைக் கேட்டதும் நம் தோட்டப்புறத்துப் பெரியவர்களின் முகம் மாறுவதை நான் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அது ஒரு நாட்டின் பெயர் அல்ல. சயாம் ரயிலின் மறு முனை. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் நம் ஆட்களை லாரியிலும் ரயிலிலும் அள்ளிக்கொண்டு போய், சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசாயாட் வரை 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட வைத்தார்கள். காலரா, சீழ்ப் புண், பட்டினி என்று அங்கேயே மடிந்தவர் பல்லாயிரம். அந்த லயனில் இன்னார் போனார், திரும்பவில்லை என்ற பேச்சு இல்லாத பழைய தோட்டம் நம் நாட்டில் அரிது.

எங்கள் குடும்பத்தில் பர்மாவுக்கு வேறொரு வழியும் இருந்தது. என் பாட்டி நேதாஜியின் ஜான்சிராணிப் படையில் சேர்ந்து பர்மாவுக்குப் போனவர். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண், சிங்கப்பூர் முகாமில் துப்பாக்கி பிடிக்கப் பழகி, ரங்கூனும் மேமியோவும் கண்டு திரும்பினார். பர்மாவைப் பற்றி அவர் பேசினால் மூன்று விஷயம்தான் வரும். ஒன்று, மேமியோ மலைக் குளிர். இரண்டு, நம் பெலாச்சானைப் போல அங்கே சோற்றோடு உண்ணும் ‘ஙாப்பி’யின் வாடை. மூன்றாவது, ஒரு கிழவரின் வாள்.

1945 ஏப்ரல் 24-ஆம் தேதி இரவு நேதாஜியோடு ரங்கூனை விட்டுக் கிளம்பியவர்களில் பாட்டியும் ஒருவர். பகலில் மேலே பிரிட்டிஷ் விமானம் சுற்றும். அதனால் மரத்தடியிலும் சாவடியிலும் பதுங்கிக் கிடந்துவிட்டு, இரவில் நடப்பார்கள். சித்தாங் ஆற்றைத் தாண்டும் முன் ஒரு கிராமத்துச் சாவடியில் படுத்திருந்தபோது, அந்த ஊர்க் கிழவர் ஒருவர் தோளில் கயிறு போட்டு வாளைத் தொங்கவிட்டபடி வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டாராம். பெண்பிள்ளைகளுக்கெல்லாம் உள்ளூரப் பயம். சற்று நேரத்தில் ஊர் நாய்கள் நாலைந்து கூடி, படுத்திருந்தவர்கள் மேல் பாய வந்தன. கிழவர் எழுந்து வாளைத் தோளிலிருந்து கழற்றினார். உறையோடு ஒரு வீசு, உறையோடு ஒரு தள்ளு, உறை நுனியால் ஒரு குத்து. நாய்கள் ஓடிப்போயின. அவர் மறுபடி உட்கார்ந்து சுருட்டைப் பற்றவைத்தார்.

“உருவுவான், உருவுவான்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்டி. அவன் உருவவே இல்ல” என்பார் பாட்டி. நூறு தடவையாவது இதைச் சொல்லியிருப்பார். அவருக்கு அது ஓர் ஆச்சரியம், அவ்வளவுதான். பின்னாளில் ஆசிரியப் பயிற்சி முடித்து, புத்தகங்களைத் தேடிப் படிக்கும் பழக்கம் வந்த பிறகுதான், அந்தக் கிழவர் செய்தது ஏதோ தற்செயல் அல்ல, பர்மியர் முறைப்படி பயிலும் ஒரு வித்தை என்று எனக்குப் புரிந்தது.

பர்மியர் தம் போர்க் கலைகள் அனைத்துக்கும் சேர்த்து வைத்திருக்கும் பொதுப் பெயர் ‘தைங்’. அந்தக் குடைக்குள் பல கிளைகள் உண்டு. வெறுங்கையால் போரிடுவது பாண்டோ. மல்யுத்தம் நபான். நம் பையன்கள் கைப்பேசியில் வாய் பிளந்து பார்க்கிறார்களே, கையுறை இல்லாமல், துணி மட்டும் சுற்றிக்கொண்டு, தலையாலும் முட்டிச் சண்டை போடும் குத்துச்சண்டை, அது லெத்வே. பழைய லெத்வேயில் புள்ளிக் கணக்கு கிடையாது. கடைசி வரை இருவரும் நின்றால் வெற்றி தோல்வி இன்றி முடியும். களத்தில் இறங்கியதும் ஒரு கையை மடக்கி, மற்ற உள்ளங்கையால் அதன்மேல் ஓங்கித் தட்டி எதிராளியை அழைப்பார்கள். நம் ஊர்ப் பயில்வான் தொடை தட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இவற்றோடு ஆயுதம் ஏந்திய கிளை ஒன்று உண்டு. அதன் பெயர் பன்ஷே. வாள், கம்பு, ஈட்டி ஆகிய மூன்றுமே அதன் உயிர்.

வாளுக்குப் பர்மிய மொழியில் ‘தா’ என்று பெயர். நமக்குத் ‘தா’ என்றால் கொடு; அவர்களுக்கு வெட்டு. போர்வாள் மட்டுமல்ல, விறகு பிளப்பதும், மூங்கில் சீவுவதும், கறி நறுக்குவதும் எல்லாமே ‘தா’வின் இனம்தான். சிறிதும் பெரிதுமாக வீட்டுக்கு வீடு இருக்கும். நம் வீட்டுப் பாராங்கை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். போர்வாளாக வரும்போது அது நீண்டு, இலேசாக வளைந்து, ஒரு பக்கம் மட்டும் கூர்மையோடு இருக்கும். கைப்பிடி நீளமாக, உருளையாக இருக்கும். இரு கையாலும் பிடிக்கலாம். நம் கோயில் படங்களிலும் சினிமாவிலும் பார்க்கும் வாளுக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. கைப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே விரலைக் காக்கும் தடுப்பு இதில் கிடையாது. எதிராளியின் வாள் வழுக்கிக்கொண்டு வந்தால் விரல் போய்விடும். ஆகவே வாளோடு வாளை மோதி நிறுத்துவதை விட, விலகுவதும், சாய்ப்பதும், அடி வரும் கோட்டை விட்டு நகர்வதும் இந்த வித்தையில் முதன்மை ஆகிவிட்டன. ஆயுதத்தின் அமைப்பே கால்களுக்குப் பாடம் சொல்லிவிடுகிறது.

உறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இரண்டு மரப் பட்டைகளைச் சேர்த்து வைத்து, பிரம்பாலோ வெள்ளித் தகட்டாலோ சுற்றிக் கட்டுவார்கள். அதிலிருந்து வரும் கயிறு தோளில் குறுக்காக விழும். இடுப்பில் செருகும் வழக்கம் குறைவு. பன்ஷேயில் இந்த உறை ஒரு சும்மாக் கூடு அல்ல. வாள் உள்ளே இருக்கும்போதே அதை வைத்து அடி தடுக்கவும், தள்ளவும், தட்டவும் பழக்குகிறார்கள். உருவிவிட்டாலோ, ஒரு கையில் வாள், மற்றக் கையில் உறை என்று இரண்டும் வேலை செய்யும். உருவாமல் காரியத்தை முடிப்பவனே தேர்ந்தவன் என்பது அவர்கள் கணக்கு. பாட்டி பார்த்த கிழவர் எந்தக் குருவிடம் கற்றாரோ, பாடத்தை மறக்கவில்லை.

கம்பு வீச்சைப் பார்த்தால் சிலம்பம் தெரிந்தவர்கள், அட, இது நம்முடையது அல்லவா என்பார்கள். சீனமும் இந்தியாவும் இரு பக்கம் இருக்க நடுவில் வாழும் மக்கள், இரு பக்கத்திலிருந்தும் எடுத்துக்கொண்டது இயல்புதான். சயாமியரின் கிராபி கிராபோங்கிலும் மலாய்க்காரரின் சிலாட்டிலும் இதே சாயல் உண்டு. ஆனால் எல்லாம் தமிழனிடமிருந்து போனது என்று மேடையில் முழங்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. அண்டை வீட்டுக்காரன் குழம்பு மணத்தால் அது நம் அடுப்பில் கொதித்தது என்று ஆகிவிடுமா? தமிழ் வணிகர் பர்மாவுக்குப் போனது உண்மை. 13-ஆம் நூற்றாண்டில் பாகான் நகரத்தில் இருந்த நானாதேசி விண்ணகரம் என்னும் திருமால் கோயிலுக்கு, மலைமண்டலத்திலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர் மண்டபம் கட்டித் தந்ததைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. போக்குவரத்து இருந்தது. அந்த அளவோடு நிறுத்திக்கொள்வதே மரியாதை.

பாகான் என்றதும் ஒரு கதை. இதை என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குச் சொன்னபோது வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. 1044-இல் பட்டமேறிய அனோரதா மன்னனுக்கு நான்கு பெரும் வீரர்கள் துணை இருந்தார்களாம். கியான்சித்தா என்பவர் பின்னாளில் தாமே அரசரானவர். மற்ற மூவர் யார் தெரியுமா? ஒருவர் பனையேறி, ஒரே நாளில் ஆயிரம் மரம் ஏறுவார் என்பது கதை. ஒருவர் ஏர் உழுபவர். இன்னொருவர் ஐராவதி ஆற்றை நீந்திக் கடக்கும் நீச்சல்காரர். பர்மிய அரச வரலாறு இவர்களை மாவீரர் என்றே போற்றுகிறது. கள் இறக்குபவரையும் ஏர் பிடிப்பவரையும் வீரர் வரிசையில் வைத்த நாடு என்று சொன்னதும், தகப்பன் செம்பனைக் குலை வெட்டுகிற ஒரு பையன், “டீச்சர், எங்கப்பாகூட ஒரு நாளைக்கு எத்தன மரம் பாப்பாரு தெரியுமா?” என்று எழுந்து நின்றான். அதற்கு முன் அவன் தகப்பன் வேலையைப் பற்றி வகுப்பில் வாய் திறந்ததில்லை.

கியான்சித்தாவின் கதையில் ஈட்டி வருகிறது. மன்னனுக்கென்று வந்த இளவரசி மேல் அவர் மனம் வைத்ததால், அனோரதா அவரைக் கட்டி வைத்து ‘அரிந்தம’ என்னும் தன் ஈட்டியை எறிந்தான். ஈட்டி ஆளைத் தொடாமல் கட்டிய கயிற்றை அறுத்துவிட, அவர் அந்த ஈட்டியையே எடுத்துக்கொண்டு தப்பி ஓடினார் என்பது வழிவழி வந்த கதை. நடந்ததோ இல்லையோ, ஈட்டி அந்த மக்கள் மனத்தில் எவ்வளவு உயர்ந்த இடத்தில் இருந்தது என்பதற்கு இது போதும்.

பிறகு துப்பாக்கி வந்தது. 1593-இல் சயாம் மன்னர் நரேசுவரும் பர்மிய இளவரசர் மிஞ்ஜீ சுவாவும் யானை மேல் அமர்ந்து மோதிய போரைப் பற்றிச் சயாமியர் சொல்வது ஒன்று. பர்மியர் சொல்வது வேறு. சயாம் நூலில், நரேசுவர் நீண்ட பிடி போட்ட வாளால் இளவரசரை வெட்டிச் சாய்த்தார். பர்மிய நூலில், அவரை வீழ்த்தியது குண்டு. யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் வாள் வீரத்தைக் குண்டு தின்னத் தொடங்கிய காலம் அது என்பதை இரண்டு கதைகளையும் சேர்த்துப் படித்தால் உணரலாம். அப்படியும் பர்மியர் படையில் வாளும் ஈட்டியும் மறையவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் மணிப்பூரை வென்ற பர்மிய மன்னர்கள் அங்கிருந்து கொண்டுவந்து குடியமர்த்திய குதிரை வீரர்கள், ஈட்டி எறிவதில் பேர் பெற்றவர்கள். மணிப்பூரிலும் வாளும் ஈட்டியும் சேர்ந்த ‘தாங்-தா’ என்ற கலை இன்றுவரை நிற்கிறது.

வெள்ளைக்காரன் பர்மாவை மூன்று போரில் விழுங்கினான்: 1824, 1852, 1885. இதில் நாம் ஒதுங்கி நிற்க முடியாத ஒரு செய்தி உண்டு. 1824-இல் ரங்கூனில் போய் இறங்கிய கம்பெனிப் படையில் பெரும் பகுதி சென்னை ராஜதானிச் சிப்பாய்கள். தமிழரும் தெலுங்கரும் சம்பளத்துக்குத் துப்பாக்கி ஏந்திப் போய்ப் பர்மிய வாளுக்கு முன் நின்றார்கள். 1885 நவம்பரில் கடைசி மன்னர் திபோ இரண்டு வாரத்துக்குள் சரணடைந்தார். அவரைக் கப்பலேற்றி முதலில் கொண்டுவந்து வைத்ததும் சென்னையில்தான். அங்கிருந்துதான் ரத்னகிரிக்கு அனுப்பினார்கள். அரசன் போனான், அரண்மனை போயிற்று, அரண்மனையை நம்பியிருந்த வாள் ஆசான்களும் போக்கிடம் இல்லாதவர்கள் ஆனார்கள். வித்தை கிராமத்துக்குள்ளும் மடங்களுக்குள்ளும் ஒதுங்கியது.

ஒதுங்கிய வித்தை 1930 டிசம்பரில் தாராவாடி மாவட்டத்தில் வெளியே வந்தது. நெல் விலை படுத்துவிட்டது. தலைவரி மட்டும் குறையவில்லை. வைத்தியராக இருந்த சாயா சான் என்பவர் குடியானவர்களைத் திரட்டிக் கருடன் பெயரில் படை அமைத்தார். உடம்பில் பச்சை குத்திக்கொண்டு, தாயத்துக் கட்டிக்கொண்டு, குண்டு துளைக்காது என்று நம்பி, வாளும் ஈட்டியும் ஏந்தி இயந்திரத் துப்பாக்கியின் முன் ஓடினார்கள். கலகம் 1932 வரை நீடித்தது. ஆயிரத்துக்கு மேல் செத்தார்கள். சாயா சானை 1931 நவம்பரில் தூக்கிலிட்டார்கள். தாயத்தை நம்பினார்களே என்று சிரிக்க எனக்கு வாய் வரவில்லை. வரி கட்ட வழியில்லாதவனுக்கு வேறு எதை நம்பச் சொல்வது?

இதுவரை எழுதியதைப் படித்தால் வாள் ஏதோ புனிதப் பொருள் போலத் தோன்றும். ஆகையால் மறு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே 1930-இல், மே மாதம், ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள் வேலை நிறுத்தம் செய்தபோது, அவர்கள் இடத்துக்குப் பர்மியரைக் கொண்டுவந்தார்கள். வேலை நிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும், வந்தவர்களை வெறுங்கையோடு போகச் சொன்னார்கள். இரண்டு ஏழைக் கூட்டங்களை மோத விட்டுவிட்டு முதலாளி விலகிக்கொண்டான். அதன்பின் தெருவில் நடந்ததில் நூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் இழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் நம் இந்தியத் தொழிலாளர். 1938-இல் மறுபடியும் கலவரம். அப்போது இந்திய முஸ்லிம்கள் மிகுதியாகச் செத்தார்கள். அந்தத் தெருக்களிலும் வெட்டியது ‘தா’தான். கத்தி வீட்டுக்கு வீடு இருந்தது. குரு வீட்டுக்கு வீடு இல்லை.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று நம் தாய்மார்களுக்குச் சொல்லாமலே விளங்கும். நான் எழுத்துக் கற்றுக்கொடுத்த பிள்ளை ஒருவன், பதினேழு வயதில், ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நடந்த சண்டையில் பாராங்கைக் கையால் தடுத்து இரண்டு விரலை இழந்தான். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். “ஒங்கிட்ட வந்தப்ப இவன் பென்சிலே ஒழுங்கா புடிக்கமாட்டான் டீச்சர்” என்று சொல்லிச் சொல்லி அவன் தாய் அழுதார். வெட்டியவனும் நம் பள்ளியில் படித்தவன்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் இரண்டு வயது வித்தியாசம். ஒரே வரிசை லயன்.

இது நடந்த சில மாதத்தில் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலம்ப வகுப்புத் தொடங்கும் பேச்சு வந்தது. பாதிப் பேர் கூடவே கூடாது என்றார்கள். இன்று கம்பு கொடுத்தால் நாளைக்குப் பாராங் எடுப்பான் என்பது அவர்கள் வாதம். அந்தத் தாயின் அழுகையைக் கண்ட பிறகு அதை அலட்சியமாகத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் நான் மறுத்துப் பேசினேன். பாராங் எடுத்தவன் எவனும் யாரிடமும் வித்தை கற்றவன் அல்ல. அவனுக்குத் தெரிந்தது எடுக்க மட்டும்தான். எப்போது எடுக்கக்கூடாது, எடுத்ததை எப்படிக் கீழே வைப்பது, எதிரே இருப்பவன் எவ்வளவு தூரத்தில் நின்றால் சண்டையே தேவையில்லை, இவற்றை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? கூட்டம் அன்று முடிவெடுக்காமல் கலைந்தது.

முடிவெடுக்க வைத்தது ஒரு பர்மாக்காரத் தம்பிதான். இப்போது செம்பனைத் தோட்டங்களில் நம் ஆட்கள் குறைந்து, ஒப்பந்தக்காரர் மூலம் பல நாட்டவர் வருவது உங்களுக்குத் தெரியும். எங்கள் பழைய லயனில் மியன்மார் பையன்கள் நால்வர் தங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெகு பக்கத்துக் கிராமத்துக்காரர். இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு மாலை திடலோரம், குலை வெட்டும் நீண்ட கம்பை அரிவாள் கழற்றிவிட்டு அவர் சுழற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டேன். கிட்டப் போனதும் நிறுத்திவிட்டுத் தலை குனிந்தார். பாசார் மலாயில் கேட்டேன். ஊரில், சிறு வயதில், தைங் ஆசானிடம் பழகியதாகச் சொன்னார். நான் ஆசிரியை என்று தெரிந்ததும் என்னைச் ‘சயாமா’ என்று கூப்பிடத் தொடங்கினார். பர்மிய மொழியில் ஆசிரியர் என்றால் சயா, ஆசிரியை என்றால் சயாமா. சாயா சான் என்ற பெயரிலும் இருப்பது அந்தச் சொல்தான். மலாயில் ‘சாயா’ என்றால் நான் என்று பொருள் ஆயிற்றே. முதல் இரண்டு நாள், அந்தத் தம்பி தன்னைப் பற்றி ஏதோ சொல்ல வருகிறார் என்றே என் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர்கள் எதிரிலேயே, தோட்டத்துத் திடலில், சனிக்கிழமை மாலைகளில் அவரைக் கொஞ்சம் சொல்லிக்கொடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்றவர்களும் வேடிக்கை பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். கத்தி கிடையாது. ஒரு மடக்கிய குடையை உறை போட்ட வாளாகப் பிடித்து அவர் காட்டினார். பையன்களில் முரடன் ஒருவனைக் கூப்பிட்டுப் பிரம்பால் தன்னை அடிக்கச் சொன்னார். அவன் ஓங்கி அடித்தான். குடை இலேசாகச் சாய்ந்தது. பிரம்பு காற்றில் போயிற்று. குடையின் நுனி அவன் மார்புக்கு ஒரு விரற்கடை தள்ளி நின்றது, தொடவில்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை. ஆறாவது தடவையில் அந்தப் பையனே சிரித்துவிட்டான். நாற்காலியில் இருந்த கங்காணித் தாத்தா, “அடிக்கிறத விட அடிக்காம நிறுத்தறதுதான்யா கஷ்டம்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அவர் கற்பித்த முறை எங்கள் பிள்ளைகளுக்கு முதலில் பிடிக்கவே இல்லை. முதல் இரண்டு சனிக்கிழமையும் நிற்கவும் நடக்கவும் மட்டும்தான் பாடம். கால் எங்கே, எடை எந்தக் காலில், கண் எங்கே. கம்பைக் கொடுக்கவே இல்லை. “எப்ப அண்ணே அடிக்கலாம்?” என்று நச்சரித்தார்கள். அவர் பொறுமையாக, விழும்போது ஒருவரைப் பிடித்துக்கொண்டு விழாமல் இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். பாண்டோவில் விலங்கு பறவைகளின் பெயரில் அசைவுகள் உண்டு: காளை, நாகம், குரங்கு, தேள், வயல் கொக்கு. கொக்கு நிற்பது போல ஒற்றைக் காலில் நிற்க வைத்தபோது திடல் முழுதும் சிரிப்பு. மூன்றாம் வாரம் ஒருவரும் சிரிக்கவில்லை. யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டியே நடந்தது.

ஒவ்வொரு நாளும் முடிவில், பர்மிய வழக்கப்படி மண்டியிட்டு, கை குவித்து, தலை தாழ்த்தச் செய்தார். அவர்கள் மரபில் வணங்கத் தக்கவை ஐந்து: புத்தர், அவர் அறம், துறவியர் கூட்டம், பெற்றோர், ஆசிரியர். மாதா, பிதா, குரு, தெய்வம் என்று படித்த நம் பிள்ளைகளுக்கு இதில் விளக்கம் தேவைப்படவில்லை. தனக்கு வேண்டாம், அங்கே உட்கார்ந்திருக்கும் அம்மா அப்பாவை நோக்கி வணங்குங்கள் என்று அவர் திருப்பிவிட்டார். வேலை முடித்து அழுக்குச் சட்டையோடு உட்கார்ந்திருந்த தகப்பன்மார் சிலர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நெளிந்தார்கள். சிலம்ப வகுப்புக்கான சம்மதக் கடிதங்கள் அடுத்த வாரமே ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. இப்போது பட்டணத்திலிருந்து ஓர் ஆசான் வந்து கற்பிக்கிறார். இருபத்திரண்டு பேர் படிக்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் பெண்பிள்ளைகள். ஒருவன் பாராங் பக்கம் போக மாட்டான் என்று நான் எழுதிக் கொடுக்க முடியாது. சனிக்கிழமை மாலை அவன் எங்கே இருக்கிறான் என்று அவன் தாய்க்குத் தெரிகிறது.

அந்தத் தம்பியிடம் அவர் ஊரில் இந்தக் கலை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். லெத்வேக்கு மேடையும் பணமும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வந்துவிட்டார்கள். வாளும் கம்பும் விழாக்களிலும் ஆசான்களின் முற்றத்திலும் நிற்கின்றன என்றார். பாண்டோவை விளக்கிப் புத்தகம் எழுதிய ஊ பா தான் ஜீ என்பவர் அந்நாட்டில் உடற்பயிற்சித் துறைக்குத் தலைமை வகித்தவர். அவர் மகன் மாங் ஜீ அமெரிக்காவில் கற்பித்து அங்கே ஒரு பரம்பரையையே உண்டாக்கினார். இந்தத் தம்பியின் ஆசானோ வயலில் நாற்று நட்டவர். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊர் நிலைமை கெட்டு, பையன்கள் சிதறிப் போனார்களாம். ஆசானைப் பற்றிக் கேட்டேன். பதில் சொல்லாமல் குடையை மடக்கிக் கொடுத்தார். நானும் மேலே கேட்கவில்லை.

ஐந்தாவது சனிக்கிழமை அவர் வரவில்லை. ஒப்பந்தக்காரர் நால்வரையும் வேறு தோட்டத்துக்கு மாற்றிவிட்டார் என்று திங்கட்கிழமை பிரட்டில் சொன்னார்கள். சொல்லிக்கொண்டு போகக்கூட நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள்.

சிலம்ப ஆசான் அடவுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்கிறார். வரிசையில் பின்னால் நிற்கும் குட்டிகள் மட்டும் அவர் காதில் விழாதபடி, தித், நித், தோங், லே, ஙா என்று எண்ணுகிறார்கள். ஙா என்றால் ஐந்து. மீனுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தான். முதலாம் ஆண்டு வகுப்பில் ங என்ற எழுத்தை நடத்தும்போது எடுத்துக்காட்டுச் சொல் கிடைக்காமல் நான் ஒவ்வோர் ஆண்டும் திண்டாடுவேன். இந்த ஆண்டு கரும்பலகையில் எழுதித் திரும்புவதற்குள் ஒரு பொடியன் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினான்.